ஹோம் தியேட்டர் வாங்கப் போறீங்களா? வாட்ஸை நம்பாதீங்க... முதல்ல இதைப் பாருங்க!

ஹாலில் புது ஸ்மார்ட் டிவி மாட்டியாச்சு. படம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ஹீரோ மெதுவாகப் பேசினால் ஒன்றும் புரியவில்லை என்று ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டுகிறோம். அடுத்த நிமிடமே சண்டைக் காட்சி வந்து காதைப் பிளக்கிறது. உடனே குறைக்க வேண்டியிருக்கிறது. "அவன் என்னப்பா சொன்னான்?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இதற்குத் தீர்வாகத்தான் பலர் சவுண்ட்பார் அல்லது ஹோம் தியேட்டர் வாங்குகிறார்கள். ஆனால் இஎம்ஐ போட்டு வாங்கிய பிறகும் 'பழையபடியேதான் இருக்கு' என்று புலம்புபவர்கள் உண்டு. பெரும்பாலும் தவறு ஸ்பீக்கரில் இருக்காது. தேர்வு செய்த விதத்திலும், வைத்த இடத்திலும்தான் இருக்கும். குறைந்த செலவில் சரியான செட்டை எப்படித் தேர்வு செய்வது, எப்படி பொருத்துவது? விரிவாகப் பார்ப்போம்.

டிவி சத்தம் ஏன் பத்தல?

பழைய டப்பா டிவியில் ஸ்பீக்கர் நம்மைப் பார்த்து இருக்கும். பின்னால் இடமும் தாராளமாக இருக்கும். இப்போது வரும் ஒல்லியான டிவிகளில் சின்ன ஸ்பீக்கர்களை கீழே பார்த்தபடியோ, சுவரைப் பார்த்தபடியோ வைக்கிறார்கள். சத்தம் எங்கேயோ பட்டு, சிதறித்தான் நம் காதுக்கு வருகிறது. அதனால்தான் பாட்டைவிட வசனம் அதிகமாக அடிபடுகிறது.

2.1, 3.1, 5.1... இந்த எண்களுக்கு என்ன அர்த்தம்?

முதல் எண், நம்மைச் சுற்றி ஒலிக்கும் சேனல்களின் எண்ணிக்கை. இரண்டாவது எண், அதிர்வு தரும் சப்வூஃபர். 5.1.2 என்று மூன்றாவது எண் இருந்தால், அது மேலிருந்து ஒலி வருவதற்கான ஸ்பீக்கர்கள்.

* 2.1: இடது, வலது, சப்வூஃபர். சின்ன ஹாலுக்குப் போதும்.
* 3.1: நடுவில் தனியாக ஒரு சென்டர் சேனல். படங்களில் வசனம் பெரும்பாலும் இந்த சேனலில்தான் வரும்.
* 5.1: இவற்றோடு பக்கவாட்டில் இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கர்கள்.

வசனம் புரியவில்லை என்பதுதான் வீட்டில் பிரச்னை என்றால், 3.1 அல்லது சென்டர் ஸ்பீக்கர் உள்ள 5.1 செட்டைத் தேடுவது நல்லது.

பெட்டியில் 'அட்மாஸ்' என்று எழுதியிருந்தால் மட்டும் மயங்கிவிடக் கூடாது. மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் இல்லாத விலை குறைந்த பார்களில், மேலிருந்து ஒலி வருவது போன்ற ஒரு பிரமையைத்தான் உருவாக்குகிறார்கள். மேல்நோக்கிய ஸ்பீக்கர் இருந்தாலும், ஒலி கூரையில் பட்டுத் திரும்ப வேண்டும். சமதளமான கான்கிரீட் கூரை என்றால் சரி. சரிவான ஓட்டு வீட்டிலும், ஷீட் கூரையிலும் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்தான்.

வாட்ஸ் கணக்கில் ஏமாறலாமா?

கடைகளில் பெரிதாகக் காட்டப்படுவது வாட்ஸ்தான். ஆனால் 100 வாட்ஸ் 200 வாட்ஸ் ஆனால் சத்தம் இரட்டிப்பாகாது. கூடுவது வெறும் 3 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டும் என்றால், சுமார் 10 மடங்கு வாட்ஸ் தேவை.

பெட்டியில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் எண் போட்டிருந்தால் அதை அப்படியே மறந்துவிடலாம். அதற்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கக்கூடிய ஆர்எம்எஸ் வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்க. 10-க்கு 12 அடி ஹாலில் வசனம், பாட்டு, படம் எல்லாவற்றுக்கும் 100 வாட்ஸ் ஆர்எம்எஸ் கூட தாராளம்.

வாட்ஸை விட முக்கியமான விஷயம் எது?

பின்பக்கம் உள்ள போர்ட். கடைக்குப் போகும் முன் டிவியின் பின்னால் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்டிஎம்ஐ ஏஆர்சி: டிவியில் ஏதாவது ஒரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்குப் பக்கத்தில் 'ஏஆர்சி' அல்லது 'இ-ஏஆர்சி' என்று எழுதியிருக்கும். சவுண்ட்பாரிலும் அதே போர்ட் இருந்தால் ஒரே கேபிள் போதும். டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

ஆப்டிக்கல்: டால்பி டிஜிட்டல் 5.1 வரை கடத்தும். ஆனால் ஓடிடி தளங்களின் அட்மாஸ் ஒலி இதில் வராது.

ப்ளூடூத், ஆக்ஸ்: இரண்டு சேனல்கள் மட்டும்தான். ப்ளூடூத்தில் சில சமயம் உதடு அசைந்த பிறகு வசனம் வரும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆக்ஸ், யுஎஸ்பி, ப்ளூடூத் மட்டுமே உள்ள விலை குறைந்த '5.1' செட்டில் ஐந்து ஸ்பீக்கர்கள் இருந்தாலும், டிவியில் இருந்து உள்ளே போவது இரண்டு சேனல்தான். அதையே எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும். லோக்கலில் அசெம்பிள் செய்து விற்கும் ஆம்ப்ளிஃபையர்களுக்கும் இது பொருந்தும். வாங்கும்போது "டால்பி டிகோடர் இருக்கா? ஏஆர்சி அல்லது ஆப்டிக்கல் இருக்கா?" என்று கேளுங்க. இரண்டும் இல்லை என்றால், நல்ல 2.1 செட்டே மேல்.

யாருக்கு எது சரி?

* வாடகை வீடு, சின்ன ஹால்: ஏஆர்சி உள்ள 2.1 அல்லது 3.1 சவுண்ட்பார். சுவரில் ஓட்டை போட வேண்டியதில்லை. வீடு மாறும்போது கழற்றுவதும் சுலபம்.
* சொந்த வீடு, சோபாவுக்குப் பக்கவாட்டிலும் பின்னாலும் இடம் இருக்கு: பின் ஸ்பீக்கர்களுக்கு வயர் உள்ள 5.1 செட். வயர்லெஸ் என்று சொல்லப்படும் பின் ஸ்பீக்கர்களுக்கும் பெரும்பாலும் கரண்ட் பிளக் தேவை என்பதை மறக்க வேண்டாம்.
* பழைய மியூசிக் சிஸ்டம் நல்ல நிலையில் இருக்கு: புதிதாக வாங்கவே தேவையில்லாமல் போகலாம். டிவியின் ஹெட்போன் துளையில் இருந்து ஆக்ஸ் கேபிள் கொடுத்துப் பாருங்கள். அந்தத் துளை இல்லை என்றால், ஆப்டிக்கலை ஆக்ஸாக மாற்றும் சிறிய கன்வெர்ட்டர் கிடைக்கும்.

எங்கே வைப்பது?

சவுண்ட்பார் டிவிக்கு நேர் கீழே, முன்னால் எந்தத் தடையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஷோகேஸ் தட்டுக்குள் ஆழமாகத் தள்ளி வைத்தால் குகைக்குள் பேசுவது போல இருக்கும். தட்டின் விளிம்பு வரை முன்னால் இழுத்து வையுங்கள்.

தனித்தனி ஸ்பீக்கர் என்றால், இடது, வலது ஸ்பீக்கர்களும் நாம் உட்காரும் இடமும் ஏறக்குறைய சம பக்க முக்கோணமாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர்களில் இருந்து 8 அடி தள்ளி உட்கார்ந்தால், அவற்றுக்கு நடுவிலும் சுமார் 8 அடி இடைவெளி. உயரம் காது மட்டத்தில்.

சரவுண்ட் ஸ்பீக்கர்களை டிவி பக்கத்திலேயே அடுக்கி வைப்பது பல வீடுகளில் நடக்கும் தவறு. அவை சோபாவின் இரு பக்கமும், கொஞ்சம் பின்னால் தள்ளி, காதுக்கு ஒன்றிரண்டு அடி மேலே இருக்க வேண்டும். வயர் மாட்டும்போது சிவப்புக்கு சிவப்பு, கருப்புக்கு கருப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனாலும் பேஸ் குறைந்து, ஒலி தெளிவில்லாமல் போகும்.

சப்வூஃபரை மூலையில் வைத்தால் அதிர்வு கூடும். ஆனால் 'கும்... கும்' என்று வசனத்தை அமுக்கிவிடும். இதற்கு ஒரு எளிய வழி உண்டு. சப்வூஃபரை கொஞ்ச நேரம் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் உள்ள ஒரு பாட்டைப் போடுங்கள். பிறகு அறையின் ஓரங்களில் குனிந்தபடி நடந்து பாருங்கள். எந்த இடத்தில் பேஸ் சீராகக் கேட்கிறதோ, அங்கேயே அதை வைத்துவிடலாம்.

எதிரொலிக்கு என்ன செய்வது?

டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் உள்ள ஹாலில் ஒலி முட்டி முட்டித் திரும்பும். ஹாலில் கை தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று இழுத்தால் எதிரொலி அதிகம். கனமான திரைச்சீலை, தரையில் ஒரு கார்ப்பெட், துணி சோபா, புத்தக அலமாரி இருந்தாலே வசனம் தெளிவாகும். ஸ்பீக்கரை மாற்றும் முன் செய்து பார்க்க வேண்டிய செலவு குறைந்த வேலை இது.

செட்டிங்ஸில் மாற்ற வேண்டியவை

1. டிவி சவுண்ட் அவுட்புட்டை எச்டிஎம்ஐ ஏஆர்சிக்கு மாற்றி, சிஇசி வசதியை ஆன் செய்யவும்.
2. டிஜிட்டல் ஆடியோ ஃபார்மட்டை 'ஆட்டோ' அல்லது 'பாஸ் த்ரூ'வில் வைக்கவும். 'பிசிஎம்' என்று இருந்தால் 5.1 ஒலி இரண்டு சேனலாகச் சுருங்கிவிட வாய்ப்புண்டு. கன்வெர்ட்டர் போட்டு பழைய செட்டில் கேட்பவர்கள் மட்டும் பிசிஎம் வைக்க வேண்டும்.
3. ஓடிடியில் படத்தின் ஆடியோ மெனுவில் 5.1 இருக்கிறதா என்று பார்க்கவும். ஒரே படத்துக்கு ஒரு மொழியில் 5.1, இன்னொரு மொழியில் ஸ்டீரியோ என்றும் இருக்கும்.
4. வசனம் தாமதமாக வந்தால் 'ஆடியோ டிலே' அல்லது 'லிப் சிங்க்' அளவைக் குறைக்கவும்.
5. 'ம்ம்ம்' என்று இரைச்சல் வந்தால் கேபிள் டிவி ஒயரை செட்டாப் பாக்ஸில் இருந்து கழற்றிப் பார்க்கவும். இரைச்சல் நின்றால், ஸ்பீக்கரில் பழுது இல்லை. அந்த ஒயர் வழியாக வரும் எர்த் பிரச்னைதான்.

ராத்திரி படம் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

ஒலி மாசு விதிகள் 2000-ன்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. அபார்ட்மென்ட்டில் பக்கத்து வீட்டுக்கு முதலில் போய்ச் சேருவது சப்வூஃபர் அதிர்வுதான். அதன் அடியில் கனமான ரப்பர் பாய் போட்டால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். சவுண்ட்பாரில் 'நைட் மோட்' இருந்தால் ஆன் செய்துவிடுங்கள். வசனத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அது குறைத்துவிடும்.

வாங்கும் முன் கடைசியாக...

கடையில் குத்துப் பாட்டைப் போட்டுக் காட்டினால் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். அமைதியான வசனக் காட்சி ஒன்றைப் போடச் சொல்லுங்கள். சத்தத்தைக் குறைத்தே கேளுங்கள். அப்போதும் ஒவ்வொரு வார்த்தையும் புரிகிறதா? வீட்டுப் பெரியவரையும் கூட அழைத்துப் போயிருந்தால், அவர் "நல்லா கேக்குது" என்று சொன்ன பிறகு பில் போடச் சொல்லலாம்.