தரவுத்தளங்களை அளந்த கோல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

இரு பொருள்களை ஒப்பிடவேண்டுமாயின் அவை ஒரே பணியைச் செய்வனவாய் இருத்தல் வேண்டும். தரவுத்தளங்களைப் பொறுத்தவரை இந்நிலைக்கு அடிகோலியது 1970ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கட்டுரையாகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எட்கார் கொட் அதில் தொடர்புசார் மாதிரியை முன்வைத்தார். அதற்கு முந்திய முறைமைகளில் தரவை எவ்வழியாற் சென்று எடுப்பது என்பதை நிரல் எழுதுபவரே கூறவேண்டியிருந்தது. வேகம் குறைந்தாற் பழியும் அவரையே சார்ந்தது. கொட்டின் மாதிரியிலோ வேண்டுவது யாது எனக் கூறினாற் போதும். வழியை முறைமையே தெரிந்துகொள்ளும். ஆகவே, ஒரே வினாவை இரு முறைமைகளிடம் கேட்டு, ஒரே விடையைப் பெற்று, அவை எடுத்த நேரங்களை அருகருகே வைத்து நோக்குதல் இயல்வதாயிற்று. இவ்வாறு நோக்குதற்குரிய கருவிகளை ஆக்கியோர் யாவர், அவை காட்டிய முடிவுகளை வெளியிடும் அதிகாரம் எவரிடம் இருந்தது என்பன கணனி வரலாற்றிற் போதிய கவனம் பெறாத வினாக்களாகும்.

எழுபதுகளில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் சிஸ்டம் ஆர் என்பதும், பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் மைக்கல் ஸ்ரோன்பிறேக்கர், யூஜின் வொங் ஆகியோரின் முயற்சியால் இங்கிறெஸ் என்பதும் உருவாயின. 1979இல் ஒராக்கிள் விற்பனைக்கு வந்தது. சிஸ்டம் ஆர் தன் வழியைத் தெரியும் முறையைப் பற்றீசியா செலிஞ்சரும் அவருடன் பணியாற்றியோரும் அதே ஆண்டில் விளக்கினர். சாத்தியமான வழிகளின் செலவுகளை முன்கூட்டி மதிப்பிட்டு, அவற்றுட் குறைந்ததை ஏற்பதே அம்முறை. ஒரு பெறுமானத்துக்குச் சமமான பதிவுகள் எத்தனை என அறியப் புள்ளிவிபரம் இல்லாதவிடத்துப் பத்திலொரு பங்கெனக் கொள்ளப்பட்டது. முறைமை தெரிந்த வழியையும் அதன் மதிப்பீட்டையும் காட்டும் விளக்கக் கட்டளை பின்னாளில் நிரலாளரின் அன்றாடக் கருவியாயிற்று. அது பயனுள்ள கருவியே. எனினும் முறைமை தன்னைப்பற்றித் தானே கூறும் சாட்சியம் அது. வெளியிலிருந்து அளக்கும் கோல் ஒன்று வேண்டியிருந்தது.

அக்கோல் சந்தையிலிருந்தன்றிப் பல்கலைக்கழகத்திலிருந்தே வந்தது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடைய டினா பிற்றன், டேவிட் டிவிற், கறோலின் ரேபிவில் ஆகிய மூவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு பல்கலைக்கழக இங்கிறெஸ், வணிக இங்கிறெஸ், ஒராக்கிள், ஐ.டி.எம். 500, டைரெக்ற் ஆகியவற்றை ஒரே தளத்தில் நிறுத்தியது. 1,000 பதிவுகளும் 10,000 பதிவுகளும் கொண்ட அட்டவணைகள் செயற்கையாக ஆக்கப்பட்டன. ஒவ்வொரு பதிவும் 182 பைற்று நீளமுடையது. எண்கள் ஒரு சீராய்ப் பரந்திருந்தமையால் எந்த வினா எத்தனை பதிவுகளைத் தரும் என்பது முன்னரே தெரிந்திருந்தது. நிறுவனங்களின் விளம்பரத் தாள்களில் ஒருபோதும் காணவியலாத உண்மைகள் இதனால் வெளிப்பட்டன. பதிவுகளை ஒழுங்குபடுத்தி இணைக்கும் முறையை வைத்திருந்த வணிக இங்கிறெஸ் சில நிமிடங்களில் முடித்த இணைப்பை, ஒவ்வொன்றாய் ஒப்பிடும் முறையை மட்டுமே அறிந்திருந்த முறைமைகள் சுட்டியின் துணையின்றிப் பல மணிநேரத்திலும் முடிக்கவில்லை. ஒராக்கிள் இப்பின்தங்கிய வரிசையிலேயே நின்றது.

இதன் விளைவு இருவகைப்பட்டது. குறை சுட்டப்பட்ட முறைமைகள் நாளடைவில் திருத்தம் பெற்றன. இது அளவீட்டின் நற்பயன். மற்றையது சட்டத்தின் வழி வந்தது. நிறுவனத்தின் அனுமதியின்றி அளவீட்டு முடிவுகளை வெளியிடலாகாது என்னும் வாசகம் ஒராக்கிளின் உரிம ஒப்பந்தத்தில் இடம்பெற்றது. மைக்ரோசொப்ற் உட்படப் பிற நிறுவனங்களும் இத்தகைய வாசகங்களைக் கையாண்டன. துறையினர் அதற்கு இட்ட பெயர் "டிவிற் வாசகம்" என்பதாகும். அளந்தவரின் பெயரே அளத்தலைத் தடுக்கும் விதிக்குச் சூட்டப்பட்டமை விந்தையே! 2021இல் டேற்றாபிறிக்ஸ் நிறுவனம் அவ்வாசகத்தைத் தன் ஒப்பந்தத்திலிருந்து வெளிப்படையாக நீக்கியபோது அது ஒரு செய்தியாகப் பேசப்பட்டமை, வழக்கம் எத்துணை வேரூன்றியிருந்தது என்பதை உணர்த்தும்.

விஸ்கொன்சின் அளவீட்டில் ஒரு வேளையில் ஒருவரே வினா எழுப்பினர். வங்கிக் கருமபீடங்களிலோ ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் நிற்பர். இக்குறையை நிரப்பிய கட்டுரை 1985 ஏப்பிரல் 1ஆந் திகதி டேற்றாமேஷன் சஞ்சிகையில், "அனாமதேயரும் பிறரும்" என்னும் பொருள்படும் ஆசிரியர் பெயருடன் வந்தது. ரான்டெம் நிறுவனத்தைச் சேர்ந்த ஜிம் கிறே பலரது கருத்துகளையும் பெற்று அதனை உருவாக்கினார். போட்டி நிறுவனங்களில் இருந்தோர் வெளிப்படையாய்க் கையொப்பமிட்டு ஒரு பொதுக்கோலை ஆக்குவது எளிதன்று என்பதை இப்பெயர் மறைப்பே காட்டுகின்றது. வரவு-செலவு எனப்பட்ட அச்சோதனை ஒரு கற்பனை வங்கியை அமைத்தது: செக்கனுக்கு 100 கொடுக்கல் வாங்கல்களைச் செய்யும் முறைமைக்கு 1,000 கிளைகள், 10,000 காசாளர், ஒரு கோடிக் கணக்குகள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து கொடுக்கல் வாங்கல்கள் ஒரு செக்கனுக்குள் முடிதல் வேண்டும். முறைமையின் ஐந்தாண்டுச் செலவையும் கணக்கிட்டு, வேகத்தோடு விலையையும் கூறவேண்டும் என்றது அதன் சிறப்பு.

ஆயினும் கோலைப் பிடித்த கைகள் விற்பனையாளருடையனவாய் இருந்தன. வலையமைப்பையும் காசாளரின் காத்திருப்பையும் நீக்கி, ரி.பி. 1 என்ற பெயரில் எண்களைப் பெருக்கிக் காட்டியோர் பலர். இச்சீர்கேட்டைக் கண்ட ஒம்றி சேர்லின் 1988இல் எட்டு நிறுவனங்களை இணங்கச்செய்து, சுருக்கமாக ரி.பி.சி. எனப்படும் கொடுக்கல் வாங்கல் செயற்றிறன் மன்றத்தை நிறுவினார். முழு விபரங்களையும் வெளிப்படுத்தும் அறிக்கை அங்கு கட்டாயமாயிற்று. முதற் கோல் 1989இல் வந்தது. 1993இல், ஒராக்கிள் தன் மென்பொருளில் அக்கோலுக்கென்றே ஒரு தனி வசதியைச் சேர்த்ததென்று ஸ்ராண்டிஷ் குழு குற்றஞ்சாட்டியது. விதியின் எழுத்தை மீறவில்லை என்பது நிறுவனத்தின் விடை. சோதனைக்கென்றே ஆக்கப்படும் வசதிகளை மன்றம் அவ்வாண்டிலேயே தடைசெய்தது. 1995இல் வந்த ரி.பி.சி.-டி என்னும் கோலும், விடைகளை முன்கூட்டிக் கணித்து வைக்கும் உத்தியால் பொருளிழந்து 1999இல் இரண்டாய்ப் பிரிக்கப்பட்டது. கோலை ஆக்குவோர் ஒரு படி ஏற, அதற்கேற்ப மென்பொருளை வளைப்போர் மறுபடி ஏறுவர் என்பதே இக்காலப்பகுதி முழுவதும் காணப்படும் போக்காகும்.

2015இல் விக்ரர் லைஸ் முதலியோர் வெளியிட்ட ஆய்வு பல்கலைக்கழகத்தை மீண்டும் இக்களத்திற்குக் கொணர்ந்தது. அவர்கள் செயற்கைத் தரவைக் கைவிட்டு, திரைப்படங்கள் பற்றிய உண்மைத் தரவுகள் கொண்ட 21 அட்டவணைகளையும் 113 வினாக்களையும் எடுத்துக்கொண்டனர். மெய்யுலகத் தரவு சீராய்ப் பரந்திருப்பதில்லை, ஒன்றோடொன்று பிணைந்தது. இதனால், இணைக்கப்படும் அட்டவணைகள் பெருகப் பெருக முறைமைகளின் முன்மதிப்பீடுகள் ஆயிரம் மடங்குக்கு மேலும் பிழைபடக் காணப்பட்டன. செலிஞ்சர் காலத்து ஊகங்களின் சாயலை அவற்றிற் காணலாம். ஆய்வுக்கு உட்பட்ட முறைமைகளுள் ஸ்ரோன்பிறேக்கரின் பேர்க்லி முயற்சியின் வழிவந்த, எவருக்கும் திறந்துள்ள போஸ்கிறெஸ் தன் பெயருடன் நிற்கின்றது. மியூனிச்சில் உருவான ஹைப்பரும் அவ்வாறே. ஏனைய மூன்று வணிக முறைமைகளும் அவ்வாய்வின் படங்களிலும் அட்டவணைகளிலும் ஏ, பி, சி என்னும் எழுத்துகளாற் சுட்டப்பட்டுள்ளன.