வெட்டுவதா, மறைப்பதா? மாஸ்க் ஷாட் முதல் ஃபோட்டோஷாப் வரை

1940 இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தமபுத்திரன்' படத்தை எடுத்தது. பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். தமிழில் இரட்டை வேடப் படங்களுக்கு முன்னோடி இதுதான். 1958 இல் அதே பெயரில் சிவாஜி நடித்த படம் வந்தது. அதற்கு ஒளிப்பதிவு ஏ.வின்சென்ட்.

ஒரே ஆள் எப்படி இரண்டு பேராக நிற்க முடியும்? அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் இதற்கு இருந்த வழி மாஸ்க் ஷாட். லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பாக மறைத்துவிடுவார்கள். நடிகர் மறு பாதியில் நின்று நடிப்பார். பிறகு ஃபிலிமைத் தொடங்கிய இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றி, எடுத்த பாதியை மறைத்து, உடை மாற்றி வந்த அதே நடிகரை அடுத்த பக்கம் நிறுத்தி எடுப்பார்கள். கேமரா துளி அசைந்தாலும் நடுவில் கோடு தெரியும். கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் கை காணாமல் போகும்!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மறைத்த பாதி அழியவில்லை. வெளிச்சம் படாமல் பத்திரமாக இருந்தது. மாஸ்க் என்பதன் அர்த்தமே அதுதான்: மறைப்பது, காப்பது.

இதே யோசனை பின்னாளில் கம்ப்யூட்டருக்குள் வந்தது. 1970களின் கடைசியில் நியூயார்க்கில் எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் என்ற இருவர், ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் தவிர நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். அந்தப் புள்ளி எவ்வளவு தெரிய வேண்டும் என்று சொல்கிற எண் அது. பெயர் ஆல்ஃபா. சாதாரணமாக 0 என்றால் முழு மறைவு, 255 என்றால் முழுதும் தெரியும். இடையில் உள்ள எண்களால்தான் தலைமுடி ஓரங்கள் கத்தரித்த மாதிரி இல்லாமல் மென்மையாக வருகின்றன. 1990 இல் வந்த ஃபோட்டோஷாப், 1994 இல் மூன்றாம் பதிப்பில் லேயரையும் லேயர் மாஸ்க்கையும் கொண்டுவந்தது.

ஆனால் கிராப் வேறு பரம்பரை. அது கத்தரிக்கோலின் பிள்ளை. வெட்டினால் போனது போனதுதான். நம்ம ஊர் டிடிபி கடைகளில் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த பேஜ்மேக்கரில் கிராப் என்பது ஜன்னல் மாதிரி. ஓரத்தை இழுத்தால் மறைந்த பகுதி திரும்ப வரும். ஃபோட்டோஷாப்பில் அப்படி இல்லை. மறைத்து வைக்கும் வசதி இருந்தும், பேக்ரவுண்ட் லேயர் மட்டும் உள்ள சாதாரணப் படத்துக்கு அது கிடைக்கவில்லை. 2012 இல் வந்த சிஎஸ் 6 தான் அதை மாற்றியது. வெட்டிய பிக்சலை அழிக்கவா வேண்டாமா என்று ஒரு டிக் பெட்டி வந்தது. அப்போதும் ஜேபெக்காகச் சேமித்தால் வெளியே இருப்பது போய்விடும்.

இதில் என்ன பெரிய நஷ்டம் என்கிறீர்களா? தாம்பரம், மாடம்பாக்கம் பக்கம் சுவரில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பாருங்கள். பல முகங்கள் ஏதோ ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து எடுத்தவை. வீட்டில் இருப்பதே அந்த ஒரு படம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா முகத்தை மட்டும் கிராப் செய்து அதே ஃபைல் மேல் சேவ் அடித்தால், பக்கத்தில் நின்ற பாட்டியும் போச்சு, பெரியப்பாவும் போச்சு.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. 2023 மார்ச்சில் ஒரு குறை வெளியே வந்தது. கூகுள் பிக்சல் போன்களில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிப் பழைய ஃபைல் மேலேயே எழுதும்போது, புதிய ஃபைல் சிறியதாக இருந்தாலும் பழைய ஃபைலின் வால் பகுதி அறுபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்டி எறிந்ததாக நினைத்த வங்கி விவரத்தைக்கூட ஓரளவு மீட்க முடிந்தது. விண்டோஸ் 11 இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே கதை. இரண்டையும் பிறகு சரிசெய்தார்கள். அதற்கு முன் அனுப்பிய படங்களை யார் திரும்ப வாங்குவது?

ஆக, ஓரிடத்தில் காக்க வேண்டியது அழிந்தது. இன்னோரிடத்தில் அழிய வேண்டியது தங்கியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்று நினைக்கிறேன். வெட்டுதல், மறைத்தல் என்ற இரண்டு வேறு வேலைகளை ஒரே பட்டனுக்குள் போட்டுவிட்டோம்.

இன்று ஆளை மட்டும் தனியே பிரிக்க ஒரு கிளிக் போதும். செலக்ட் சப்ஜெக்ட் 2018 இலேயே ஃபோட்டோஷாப்பில் வந்துவிட்டது. ஓரம் வெட்டுவது இப்போது கஷ்டமே இல்லை. இனிச் செய்ய வேண்டிய முன்னேற்றம் வேறு. வேலை நடக்கும்போது எல்லாம் மறைப்பாகவே இருக்கட்டும். வெளியே அனுப்பும்போது மட்டும், "மறைந்திருப்பதை நிஜமாகவே நீக்கவா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

நம் வகுப்பில் நாளைக்கு சாஃப்ட்வேர் எழுதப் போகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். இதை மனதில் வையுங்கள். மற்றவர்கள், கிராப் செய்யும் முன் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் :-)