இருளில் ஒளிரும் குறிகாட்டி: எதைக் காட்டும், எதைக் காட்டாது?

அமெரிக்காவில் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வைத்திருப்போர் பலர் அதில் இருளில் ஒளிரும் குறிகாட்டியைப் பொருத்துகின்றனர். சிறு கண்ணாடிக் குழாயில் அடைக்கப்பட்ட ட்ரிட்டியம் வாயுவின் பீட்டாக் கதிர்கள் உட்பூச்சில் பட்டு ஒளி தருகின்றன. மின்கலம் தேவையில்லை. ட்ரிட்டியத்தின் அரைவாழ்வுக் காலம் சுமார் 12.3 ஆண்டுகள் என்பதால், அதற்குள் ஒளி பாதியாகவேனும் குறைந்துவிடும்.

இதனால் பயன் உண்டா? எதிரே நிற்பவரை இனங்காண முடிந்தும் குறிகாட்டி தெரியாத மங்கிய வெளிச்சத்தில் உண்டு. முழு இருளில் அது துப்பாக்கியின் திசையை மட்டுமே காட்டும். எதிரே நிற்பது திருடனா, தண்ணீர் குடிக்க எழுந்த பிள்ளையா என்பதைக் காட்டாது. அதற்கு டோர்ச் வெளிச்சமும் "யார் அது?" என்ற கேள்வியும் வேண்டும்.

ஆளறியாமல் சுடப்படும் ஒரு வெடியின் விலையைப் போருக்குள் வாழ்ந்த நான் அறிவேன். ஆகவே குறிகாட்டியை அல்ல, வெளிச்சத்தையே முதலில் வைப்பேன்.