சத்தியவேட்டுக் கல்லில் ஓர் அக்பர் வாசல்

எழும்பூர் மியூசியத்து வளாகத்தில் ரோஜா நிறக் கல்லில் ஒரு கட்டடம் நிற்கிறதே, நம் வயதுக்காரர்களுக்கு அது நேஷனல் ஆர்ட் காலரி. ரவிவர்மா படங்கள் இருந்த இடம் என்றால் உடனே நினைவு வரும். பழைய பெயர் விக்டோரியா நினைவு மண்டபம்.

மகாராணி 1901-இல் காலமானார். 1906-இல் அடிக்கல் நாட்டியவர் அன்றைய வேல்ஸ் இளவரசர்; பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் ஆனவர். 1909-இல் திறப்பு விழா. ஆக, பெயர்தான் அம்மாவுடையது. வேலை முழுக்க மகன் எட்வர்டின் ஆட்சியில் நடந்தது.

வரைபடம் ஹென்றி இர்வின் போட்டது. சிம்லாவில் வைஸ்ராய் மாளிகையையும் மைசூர் அரண்மனையையும் வடிவமைத்த அதே மனிதர். இங்கே அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது ஃபதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாஸாவை. கோபுரங்கள் நிறைந்த ஊரில் அக்பர் வாசல் எதற்கு என்று கேட்கலாம். கேட்டவர்களும் உண்டு. எனக்கென்னவோ அது உறுத்தவில்லை. நம் கருங்கல்லில் ஸ்தபதிகள் சங்கிலியே செதுக்கியிருக்கிறார்கள், ஆனால் அதற்கு ஆயுசு வேண்டும். சத்தியவேட்டிலிருந்து வந்த இந்த மணற்கல் உளிக்குச் சட்டென்று இணங்கும். அதனால்தான் இவ்வளவு நுணுக்கம்.

கட்டிக் கொடுத்தவர் நம்பெருமாள் செட்டியார். கணிதமேதை ராமானுஜன் கடைசி நாட்களில் தங்கியிருந்தது சேத்துப்பட்டில் இவருடைய வீட்டில்தான். கல் தச்சர்களின் பெயர்களை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

மண்டபத்தில் வெறும் சிலையை வைத்து மாலை போடவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். கைவினைஞர்களின் வேலைப்பாடுகளுக்கு இடம் கொடுத்தது விக்டோரியா டெக்னிகல் இன்ஸ்டிடியூட். மவுண்ட் ரோடில் இருக்கும் வி.டி.ஐ. கடை அதன் தொடர்ச்சி. கலைக்கூடமானது 1951-இல்.

உளிக்கு இணங்கும் கல் மழைக்கும் இணங்கிவிடும், அதுதான் சிக்கல். மணற்கல் தண்ணீரைக் குடிக்கும், பிறகு மூச்சுவிட வேண்டும். சுண்ணாம்புக் காரை அதற்கு வழிவிடும். சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, கல் செதில் செதிலாக உதிரும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதுகாப்பில்லை என்று கட்டடத்தையே மூடினார்கள். பூட்டு வருஷக்கணக்கில் தொங்கியது. அந்த வருஷங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உள்ளே என்ன இருந்தது என்றே தெரியாது.

அந்தப் பக்கம் போனால் நிமிர்ந்து மாடங்களை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கும் பூச்சு சுண்ணாம்பா, சிமெண்டா என்றும் கவனியுங்கள்.