வழி சொல்கிறவன்

பத்துப்பாட்டில் பாதி, அதாவது ஐந்து பாட்டு, வழி சொல்கிற பாட்டு. இவற்றைப் 'புரவலரைப் பாடியவை' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது நம் வகுப்பறை வழக்கம். சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்தார். அதற்குப் பின் வள்ளல்களின் பட்டியல் பெருகிய அளவுக்கு வழி பற்றிய யோசனை பெருகவில்லை.

சிறுபாணாற்றுப்படை ஓய்மாநாட்டுக்கு வழி சொல்கிறது. கடற்கரையில் எயிற்பட்டினம், பிறகு வேலூர், ஆமூர், முடிவில் நல்லியக்கோடனின் கிடங்கில். (இந்த வேலூர் கோட்டை வேலூர் அல்ல, கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது.) நிலம் மாறுகிறது, கூடவே சோறும் மாறுகிறது. பரதவரிடம் கள்ளும் சுட்ட மீனும். எயினர் வீட்டில் சுடுசோறும் ஆமான் இறைச்சியும். உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். சொல்கிறவன் தானும் அந்த வழியில் பசியோடு போய் உண்டு திரும்பியவன். அவன் வர்ணனை வயிற்றிலிருந்து வருகிறது.

மலைபடுகடாம் இன்னும் கறாரானது. நன்னனின் செங்கண்மா நோக்கி மலை ஏறும் கூத்தனுக்குப் பன்றிக்கு வைத்த பொறி இருக்குமிடம், பாம்பு கிடக்குமிடம், தினைப்புனத்துக்காரன் யானைக்கு எறியும் கவண்கல் தன் மேல் விழாமல் ஒதுங்கும் விதம், வழுக்கும் பாறையில் கொடியைப் பற்றி நடக்கும் விதம் எல்லாம் சொல்லப்படுகின்றன. மலை அழகாக இருக்கிறது என்பதும் உண்டு. ஆனால் அழகு, கால் ஊன்றிய பிறகு.

இந்த வரிசை எப்போது தலைகீழானது? ஒரு வருஷத்தைச் சொல்லலாம் என்றால் நான் 1792 என்பேன். அந்த ஆண்டு தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஆங்கில ஓவியர்கள் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பிக் கன்னியாகுமரி வரை போனார்கள். பாபநாசம் அருவியும் குற்றாலமும் அவர்கள் தாளில் ஏறின. பத்து வருஷம் முன்பு, 1782இல், வில்லியம் கில்பின் வை நதிப் பயண நூலை வெளியிட்டு, நிலத்தைப் படம்போலப் பார்க்க இங்கிலாந்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அக்காலப் பிரயாணிகள் நிறமேற்றிய சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் காட்சி விழ வேண்டுமானால் மலைக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இன்றைய செல்ஃபிக்காரனும் அதே திசையில்தான் நிற்கிறான். டேனியல்களை நான் குறைசொல்லவில்லை, அவர்கள் கை நல்ல கை. ஆனால் அந்தப் பார்வையில் வழி கேட்பவன் இல்லை, பார்ப்பவன் மட்டுமே இருக்கிறான்.

ராஜபாளையத்தில் ஒருநாள் வாடகைக் கார் பிடித்து மலையடிவாரம் பார்க்கப் போனேன். அய்யனார் கோயில் ஆறு, செண்பகத்தோப்பு, பிளவக்கல் அணை, வத்திராயிருப்பு, தாணிப்பாறை. காலையிலிருந்து ஓட்டுநர் சொன்னதெல்லாம், "இங்க நிறுத்துனா போட்டோ நல்லா வரும் சார்." ஊர்ப் பெயருக்கு வற்றாத ஆறு இருக்கும் இடம் என்று விளக்கம் சொன்னார். எல்லோரும் சொல்வதுதான்; மொழிநூல்காரர்கள் ஒப்புவார்களா என்பது வேறு விஷயம். நெல்வயலுக்குப் பின்னால் மலை நீலமாக நின்றது. நின்றது என்பதற்கு மேல் அதனிடம் எனக்கு வேலை இல்லை.

தாணிப்பாறையில் கார் நின்றதும் அவர் குரல் மாறிற்று. சதுரகிரிக்கு ஏறும் ஓடையைக் காட்டினார். 2015 மே மாதம் கோடை மழையில் திடீர் வெள்ளம் வந்து யாத்ரீகர்கள் உயிரிழந்த ஓடை. "இங்க வெயிலடிக்கும் சார். உச்சியில கறுத்திருந்தா ஓடையில கால் வைக்கக் கூடாது. தண்ணி வர்ற சத்தம் கேட்டப்புறம் ஓட முடியாது." அதற்குப் பிறகு பல வருஷம் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷத்தை ஒட்டித்தான் மேலே விட்டார்கள்.

அவருடைய தாத்தா மலைமாடு மேய்த்தவர். வருசநாட்டுப் பக்கம் உப்புத்துறை வழியாகவும் சாப்டூர்ப் பக்கமாகவும் ஏறலாம் என்று விரலால் மலையில் கோடு கிழித்தார். அந்தக் காடு 1988இல் சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆயிற்று. 2021இல் மேகமலையோடு சேர்ந்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட புலிகள் காப்பகம். 2022 மார்ச்சில் உயர்நீதிமன்றம் காட்டு மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிக்காடுகளோடு நிறுத்திக்கொண்டது. காடு காப்பாற்றப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அணில் ஓட்டு கேட்டு வராது. ஆனால் மாடு ஏறாத தடம் சில மழையில் மூடிவிடும்; தடத்தோடு அதன் பெயரும். பளியருக்குத் தெரிந்தது பளியரோடு இருக்கிறது, அதைக் கேட்டு எழுதியவர்கள் குறைவு.

ஓட்டுநர் ஏழு இடங்களின் பெயர் சொன்னார்: ஒரு சுனை, ஒரு புளியமரம், மாடு படுக்கும் ஒரு மேடு. "தாத்தாதான் சொன்னாரு. நான் பார்த்ததில்ல சார்" என்றார். நான் கையிலிருந்த பெட்ரோல் பில்லின் பின்புறத்தில் குறித்துக்கொண்டேன். வரிசை சரிதானா என்று கேட்டதற்கு, கீழிருந்து மேலே போனால் சரி என்றார்.