பெரியாறு – வைகைப் பாசனமும் அயல்நிதி ஆவணங்களும்: அணுகுரிமை வரலாறு குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

அயல்நாட்டு நிதியுதவியுடன் நடைபெறும் பாசனத் திட்டம் ஒவ்வொன்றும் இருவகை ஆவணங்களை விட்டுச் செல்கிறது. ஒன்று, கடன் தந்த நிறுவனத்தின் மதிப்பீட்டு அறிக்கை, ஒப்பந்தம், நிறைவறிக்கை ஆகியவை. மற்றொன்று, பணி நடந்த ஊரில் எழுதப்பட்ட மதிப்பீடு, அளவுப்புத்தகம், பட்டியல், பற்றுச்சீட்டு ஆகியவை. முதல்வகை இன்று பெரும்பாலும் திறந்து கிடக்க, இரண்டாம்வகை கிடைப்பது அரிதாக உள்ளது. இவ்வேறுபாடு தோன்றிய வரலாற்றைப் பெரியாறு – வைகைப் பாசனத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. இரகசியக் காப்பைவிட, கோப்புகளை முடித்துக் கட்டும் அலுவலக நடைமுறையே அணுகுரிமையைப் பெரிதும் வரையறுத்துள்ளது என்பது இதன் கருதுகோள்.

ஆவணத்தால் வாழும் பாசனம்

கம்பம் பள்ளத்தாக்கின் நீருரிமை ஓர் ஆவணத்தில் தொடங்குகிறது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலத்துக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் ஆண்டு வாடகை என்பது அதன் விதி. 1895இல் அணை பயன்பாட்டுக்கு வந்தபின், சுரங்கம் வழியே பள்ளத்தாக்கில் இறங்கிய நீர் சுருளியாற்றோடு கூடி வைகையை அடைந்தது. கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரையிலான 14,707 ஏக்கர் இருபோக நெல் வயல்கள் இந்நீரை நம்பியுள்ளன. 1970இல் குத்தகை திருத்தப்பட்டு வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது.

1886ஆம் ஆண்டுப் பத்திரம் இன்றும் சொல் பிசகாமல் மேற்கோள் காட்டப்படுகிறது. இரு மாநிலங்கள் அதன்மேல் வழக்காடியமையால் அது காக்கப்பட்டது. அணையின் நீர்மட்டம் குறித்த 2014 மே 7 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அப்பத்திரத்தைப் பரிசீலித்தே அமைந்தது. ஆனால் அதே நீர் ஓடும் வாய்க்கால்களுக்குப் பிற்காலத்தில் செலவான பணத்தின் கணக்குகளுக்கு இத்தகைய காப்பு வாய்க்கவில்லை.

கடன் வந்த வழி

பெரியாறு – வைகைப் பாசன அமைப்பைச் சீரமைக்க 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் உலக வங்கியின் நிதியுதவி இருகட்டங்களாகப் பெறப்பட்டது. பின்னர், 2007இல் ஒப்புதல் பெற்ற நீர்வள நிலவளத் திட்டம், 48.5 கோடி டாலர் நிதியுதவியோடு தமிழகத்தின் 63 துணை வடிநிலங்களைக் கருத்தில் கொண்டது.

அரசியலமைப்பின் 293ஆம் உறுப்பின்படி மாநிலங்கள் இந்திய எல்லைக்குள் மட்டுமே கடன் பெறலாம். எனவே அயல்கடன் ஒன்றிய அரசின் பெயரில் பெறப்பட்டு, மாநிலத்துக்கு வழங்கப்படுகிறது. இதனால் ஒரே செலவின் கணக்கு மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. வாஷிங்டனில் கடன் கோப்பு உள்ளது. தில்லியில் நிதியமைச்சகத்தின் அயல்நாட்டு உதவிக் கணக்குப் பிரிவு, மீட்புக் கோரிக்கைகளைக் கையாள்கிறது. பொறியாளர் அலுவலகத்தில் செலவின் மூலச்சான்று இருக்கிறது. எந்த மதகுக்கு எத்தனை கன மீட்டர் கற்காரை இடப்பட்டது என்பதை மூன்றாவது இடம் மட்டுமே சொல்லும். அலுவலக வழக்கில் ‘எம் புக்’ எனப்படும் அளவுப்புத்தகமே அதற்கு ஆதாரம்.

மேலிருந்து வந்த திறப்பு

நர்மதை அணைத்திட்டம் பற்றிய எதிர்ப்பும், அதனை ஆராய்ந்த மோர்ஸ் குழுவின் 1992ஆம் ஆண்டு அறிக்கையும் உலக வங்கிக்கு நெருக்கடியை உண்டாக்கின. 1993இல் வங்கி ஆய்வுக்குழாம் ஒன்றையும் புதிய தகவல் வெளியீட்டுக் கொள்கையையும் ஏற்றது. 2010 சூலை 1 முதல், விலக்குப் பட்டியலில் இல்லாத எதையும் வெளியிடலாம் என்பது நெறியாயிற்று. பழைய திட்டங்களின் கோப்புகளும் படிப்படியாகத் திறக்கப்பட்டன.

இந்தியாவில் 1923ஆம் ஆண்டு அலுவலக இரகசியச் சட்டம் நெடுங்காலம் நிலவியது. 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் ஒன்றிய அரசின் ஆவணங்களைக் குறித்ததேயன்றி மாநில அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது. 1997இல் தமிழ்நாடு இயற்றிய தகவல் உரிமைச் சட்டம், மாநிலச் சட்டங்களுள் முதலாவது எனினும், அதில் விலக்குகள் மிகுதி. 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டமே, பணியையும் ஆவணத்தையும் நேரில் பார்வையிடும் உரிமையையும் பொருள்களின் மாதிரி எடுக்கும் உரிமையையும் விவசாயிக்கு அளித்தது. விண்ணப்பத்துக்கு 30 நாளில் விடை தரவேண்டும்.

முடிவுக் குறியும் இருபதாண்டு விதியும்

அச்சட்டத்தின் 8(3) பிரிவு, இருபதாண்டுக்கு முந்தைய நிகழ்வு குறித்த தகவலுக்குப் பெரும்பாலான விலக்குகளை நீக்குகிறது. அயல்நாட்டு அரசு நம்பிக்கையின்பேரில் தந்த தகவலுக்கான விலக்கும் அப்போது நீங்கும். நாட்டின் இறையாண்மை, அயலுறவு முதலிய சில விலக்குகள் மட்டுமே நிலைக்கும்.

இவ்விதியைத் தமிழக அலுவலக நடைமுறையோடு பொருத்திப் பார்க்கும்போது முரண் வெளிப்படுகிறது. முடிந்த கோப்பு நி.மு., ப.மு., மூ.மு., ஓ.மு. என்னும் குறிகளுள் ஒன்றைப் பெறுகிறது. இவை முறையே நிரந்தர, பத்தாண்டு, மூன்றாண்டு, ஓராண்டு முடிவுகள். சான்றாக, 1988இல் ப.மு. எனக் கட்டப்பட்ட ஒரு கோப்பை 1998க்குப் பின் அழிக்கலாம். 2005ஆம் ஆண்டுச் சட்டம் வரும்போது அது இராது. இருபதாண்டு விதி அதற்குப் பொருந்தும் 2008ஆம் ஆண்டில் கேட்பவருக்கு ‘ஆவணம் இல்லை’ என்பதே சட்டப்படி சரியான விடையாகிவிடும். யாரும் மறைக்கவில்லை; ஆயினும் கணக்கு மறைந்துபோயிற்று. குறியிடும் எழுத்தர், தாம் அறியாமலேயே, எதிர்கால வரலாற்றின் எல்லையை வகுத்துவிடுகிறார்.

இவ்விழப்பு ஆய்வாளருக்கு மட்டும் உரியதன்று. கடைமடைக்கு நீர் எட்டாதபோது, வாய்க்கால் திட்டமிட்ட மட்டத்தில் கட்டப்பட்டதா, கட்டியபின் சிதைந்ததா என்னும் வினா எழுகிறது. 2000ஆம் ஆண்டு விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் இவ்வினாவுக்கு விடை காண, நிறைவறிக்கையின் தொகை போதாது. மட்டக் குறிப்பும் அளவுப்புத்தகமும் வேண்டும். அடுத்த சீரமைப்புக்கு மீண்டும் கடன் பெறும்போது, முந்தைய செலவு எங்கே தங்கியது என்பதை அறியாமலேயே புதிய மதிப்பீடு எழுதப்படும் நிலை உண்டாகிறது.

முடிவுரை

பெரியாறு – வைகை அமைப்பில் ஆவணத் திறப்பு மேலிருந்து கீழாக நிகழ்ந்துள்ளது. கடன் தந்தவரின் கோப்பு திறந்தது. கடனால் பயன்பெற வேண்டியவரின் கோப்பு காலக்கெடுவில் கழிகிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு ஆவணங்களை வகைப்படுத்தி, அட்டவணையிட்டுப் பேணும் கடமையை அலுவலகங்கள்மேல் சுமத்துகிறது. அயல்நிதிப் பணிகளின் அளவுப்புத்தகங்களையும் இறுதிப் பட்டியல்களையும் கடன் தீரும்வரையேனும் நிரந்தர முடிவாகக் கருதி, அவற்றின் அட்டவணையைக் கோட்ட அலுவலகத்தில் பொதுப்பார்வைக்கு வைப்பது அக்கடமையை நிறைவேற்றும் எளிய வழியாகும். திருப்பிச் செலுத்தவேண்டிய காலம் முழுவதும் கடன் பொதுமக்களுடையது. அக்கடனின் கணக்கும் அக்காலம் முழுவதும் அவர்களுக்குக் கிட்டுதல் வேண்டும்.