இரவல் இசையும் இல்லத்து இசையும்

பாட்டில்லாத தமிழ் இல்லம் இல்லை. பிழைப்பை நாடி மட்டாஞ்சேரிக்கு வந்து குடியேறிய நம்மவர்க்கோ, பாட்டு என்பது பிறந்த ஊரையும் தாய்மொழியையும் உடன் கொணரும் துணையாகும். அப்பாட்டு நம் உடைமையா, பிறர் தரும் இரவலா என்னும் வினா ஆராயத்தக்கது.

1877-இல் எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியைக் கண்டார். 1902-இல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரல் இசைத்தட்டில் ஏறியது. 1908-இல் அந்நகரிலேயே கிராமபோன் கம்பெனியார் தட்டுகளை அச்சிடலாயினர். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். எனினும் வாங்கியவர்க்கு அது நிலையான உடைமை.

வானொலி வந்தபின் ஏழை எளியவரும் இசை கேட்டனர். ஆனால் எதைக் கேட்பது என்று முடிவு செய்யும் உரிமை நிலையத்தார் கைக்குச் சென்றது. 1952-இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை விரும்பாமையால், அகில இந்திய வானொலியில் அவை அருகின. மக்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி தோன்றிய பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது. இவ்விடைக்காலத்தும் தட்டு வைத்திருந்தோர் வீட்டில் பாட்டு ஓயவில்லை.

நிற்க. 1963-இல் பிலிப்ஸ் கம்பெனியார் வெளியிட்ட ஒலிநாடா கேசட்டும், பதிவிறக்கிச் சேமிக்கும் எம்.பி.3 கோப்பும் தட்டின் வழிவந்தவை. இன்று கைப்பேசியில் ஓடும் ஸ்ட்ரீமிங் முறையோ வானொலியின் வழிவந்தது. கோடிக்கணக்கான பாடல்களை அது நொடியில் தருகிறது. அதன் பயனை மறுப்பார் இலர். ஆயினும் மாதச் சந்தா செலுத்துவோர் சீசன் டிக்கெட் வைத்திருப்போரை ஒப்பர். வண்டி ஓடும்வரை பயணம் உண்டு. பெட்டி அவருடையது அன்று. செயலிக்குள் இறக்கி வைத்த பாட்டும் சந்தா நின்றால் ஒலிக்காது.

இஃது வெறும் அச்சமன்று. பழைய கிராமபோன் கம்பெனியின் இன்றைய உருவமாகிய சரிகம நிறுவனத்திற்கும் ஸ்பாட்டிஃபைக்கும் 2019-இல் வழக்கு மூண்டது. அந்நிறுவனத்தின் பாடல்கள் அங்கிருந்து நீங்கின. 2020-இல் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அவை திரும்பின. 2024-இல் ஏர்டெல்லின் விங்க் மியூசிக் செயலியே மூடப்பட்டது.

உடைமையாக வைப்பாரின்றிப் போகும் இசையின் கதிக்கு நம் கொச்சியே சான்று. 1981-இல் மறைந்த கொச்சிப் பாடகர் மெஹபூப், 'நீலக்குயில்' (1954) படத்தில் பாடியது தட்டில் ஏறியதால் இன்றும் ஒலிக்கிறது. திருமண வீடுகளிலும் நண்பர் கூட்டங்களிலும் அவர் பாடியவற்றுள் பதிவாகாதவையோ, கேட்டவர் நினைவோடு மறைந்து வருகின்றன.

ஆதலின் அன்பர்களே! இரவல் இசையை மகிழ்ந்து கேளுங்கள். உயிரினும் இனிய பாடல்களை மட்டும் விலைக்குப் பெற்று, இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். அதனினும் முதற்கடமை ஒன்றுண்டு. நம் பாட்டிமார் பாடும் தாலாட்டும் நலுங்குப் பாட்டும் எந்தக் கம்பெனியிடமும் இல்லை. அவர்கள் நம்மோடிருக்கும்போதே அவற்றைப் பதிந்து வைப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!